உப்பளத்திலிருந்து பதினைந்தாம் உறுப்பு வரை: மும்பையில் தமிழில் ஒரு மரபு நடைப்பயணம்

மாதுங்காவில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகக் குடியிருந்தும், ஆகஸ்ட் கிராந்தி மைதானத்தை நான் இதுவரை பேருந்துச் சன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்தேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் குடிமையியல் நடத்தியவள் இதை ஒப்புக்கொள்வது வெட்கத்துக்குரியதுதான். ஆகவே, அறவழிப் போராட்டம் எப்படி அரசமைப்புச் சட்டமாக மாறியது என்பதை ஊரைச் சுற்றிக் காட்டி, தமிழிலேயே விளக்கும் மரபு நடை ஒன்று நடக்கிறது என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த அன்றே பெயர் கொடுத்துவிட்டேன். செம்பூரைச் சேர்ந்த இரு இளைஞர்கள் இதை நடத்துகிறார்கள். ஒருவர் சட்டம் படித்த பெண், மற்றவர் வரலாறு படித்த பையன். தலைக்கு 850 ரூபாய் வாங்குகிறார்கள்; அதில் வேன், சிற்றுண்டி, ஒரு கையேடு எல்லாம் அடக்கம். காலை எட்டு மணிக்குக் கிராண்ட் ரோடு நிலையத்தில் கூடி, பிற்பகல் இரண்டரைக்குத் தாதர் இந்து காலனியில் கலைந்தோம். நாங்கள் இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் தாராவி, சயான் பக்கத்துக்காரர்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த பணத்துக்கு இது மிகுதியாகவே தருகிறது. இத்தகைய சுற்றுகள் பெரும்பாலும் தியாகிகளின் படங்களுக்கு முன் கைகூப்பிவிட்டு நகர்ந்துவிடும். இவர்கள் அந்தப் படத்துக்கும் சட்டப் புத்தகத்துக்கும் இடையே உள்ள வழியைக் காட்ட முயல்கிறார்கள். சில இடங்களில் அந்த வழி தெளிவாகத் தெரிந்தது. ஓரிடத்தில் இல்லாத வழியை இருப்பதாகக் காட்டினார்கள். ஒரு முக்கியமான திருப்பத்தைக் கவனிக்காமலே கடந்துபோனார்கள்.

மைதானத்தின் அருகில் உள்ள கோகுல்தாஸ் தேஜ்பால் வளாகத்திலிருந்து தொடங்கியது நல்ல யோசனை. 1885 டிசம்பர் 28-ஆம் நாள் 72 பிரதிநிதிகள் கூடிக் காங்கிரசின் முதல் மாநாட்டை நடத்தியது அங்கேதான். அதன் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் ‘சுதேசமித்திரன்’ ஜி. சுப்பிரமணிய ஐயர் என்று வழிகாட்டிப் பெண் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சிறு சலசலப்பு எழுந்தது. இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஓர் ஆணையம் வேண்டும் என்பதே அத்தீர்மானம். மனு எழுதிக் கேட்ட தலைமுறை அது. அங்கிருந்து சாலையைக் கடந்தால், ‘வெளியேறு’ என்று சொன்ன தலைமுறையின் மைதானம். இடையில் 57 ஆண்டுகள். நடப்பதற்கோ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கோவாலியா குளம் என்று பழைய ஆட்கள் சொல்லும் அந்த மைதானத்தில் பையன்கள் மட்டைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 1942 ஆகஸ்ட் 8 என்றால் ‘செய் அல்லது செத்து மடி’ என்ற முழக்கமும், மறுநாள் அருணா ஆசப் அலி கொடியேற்றியதும், உஷா மேத்தா இரகசிய வானொலி நடத்தியதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். இவர்கள் அவற்றை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு, அன்று நிறைவேறிய தீர்மானத்தில் யாரும் படிக்காத ஒரு பத்தியைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். இடைக்கால அரசு அமைந்ததும் அரசியல் நிர்ணய சபைக்கு ஒரு திட்டம் வகுக்கும், எல்லாத் தரப்பினரும் ஏற்கும் அரசமைப்பை அந்தச் சபை ஆக்கும், அது கூட்டாட்சியாக இருக்கும், உறுப்பு மாநிலங்களுக்கு இயன்ற அளவு தன்னாட்சி இருக்கும், யாருக்கென்று பிரித்துக் கொடுக்கப்படாத எஞ்சிய அதிகாரங்கள் மாநிலங்களிடமே இருக்கும் என்று அந்தப் பத்தி பேசுகிறது. ஒரு பேரரசை வெளியேறச் சொல்லும் தீர்மானத்துக்குள், அடுத்து அமையப்போகும் ஆட்சியின் வரைபடமும் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதை முப்பத்தோரு ஆண்டுப் பாடநூல்களில் நான் ஒருமுறையும் பார்த்ததில்லை.

தாராவியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். “எஞ்சின அதிகாரம் மாநிலத்துக்குன்னு எழுதினாங்க சரி, இப்ப அது யார்கிட்ட இருக்கு பாப்பா?” என்று கேட்டார். அந்தப் பெண் சிரிக்காமல், “மத்தியிலதான் ஐயா இருக்கு, அரசமைப்போட 248-ஆம் உறுப்பு” என்று சொல்லி, 1947 ஜூன் 3 அன்று பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு ஒன்றிய அதிகாரங்களுக்கான குழு எப்படி வலுவான மையத்தின் பக்கம் சாய்ந்தது என்பதை நிதானமாக விளக்கினார். பெரியவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. போராட்டம் கொடுத்த வாக்குகள் எல்லாமே சட்டத்துக்குள் வந்து சேரவில்லை என்பதை முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒளிக்காமல் சொன்னது இந்த நடையின் நேர்மைக்குச் சான்று.

அங்கிருந்து பொடிநடையாகப் பத்து நிமிடத்தில் லேபர்னம் சாலை. மணி பவன் ரேவாசங்கர் ஜகஜீவன் ஜவேரி என்ற நண்பருக்குச் சொந்தமான வீடு. 1917 முதல் 1934 வரை காந்தி மும்பைக்கு வந்தபோதெல்லாம் தங்கிய இடம். 1932 ஜனவரி 4 அதிகாலையில் அவரைக் கைது செய்ததும் இந்த வீட்டு மாடியில்தான். இராட்டைகளும் மெத்தையும் உள்ள அந்த அறையின் முன் எங்கள் குழுவில் சிலர் தற்படம் எடுக்கத் தொடங்கினார்கள். வரலாறு படித்த பையன் அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “இந்த வீட்லதான் 1931 ஆகஸ்ட் 14 அன்னிக்கு அம்பேத்கர் காந்தியை முதல் தடவையா பார்த்தார்” என்றான். கைப்பேசிகள் தாழ்ந்தன.

அந்தச் சந்திப்பை அவன் விவரித்த விதத்தை நான் மெச்சுகிறேன். இருவரையும் சமாதானப்படுத்திவைக்கும் ஆசை அவனிடம் இல்லை. ‘காந்திஜி, எனக்குத் தாயகம் இல்லை’ என்று அம்பேத்கர் சொன்னதையும், அதுவரை அவரை ஒரு பிராமணச் சீர்திருத்தக்காரர் என்றே காந்தி எண்ணியிருந்ததையும் சேர்த்தே சொன்னான். அடுத்த ஆண்டு செப்டம்பரில், தீண்டப்படாதோர் மட்டுமே வாக்களிக்கும் தொகுதிகள் கூடாது என்று எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது பிறந்த பூனா ஒப்பந்தத்துக்கு வந்தபோது, அறவழி என்பது எதிராளியின் கழுத்தை நெரிக்கும் கருவியாகவும் ஆகக்கூடும் என்ற அம்பேத்கர் தரப்பின் மனக்குறையை மறைக்கவில்லை. அந்த ஒப்பந்தத்தில் இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. ராஜாவும் ராஜாஜியும் ஒப்பமிட்டதையும், மாகாணச் சட்டமன்றங்களில் தீண்டப்படாதோருக்கு ஒதுக்கப்பட்ட 148 இடங்களில் சென்னை மாகாணத்துக்கு 30 கிடைத்ததையும் குறிப்பிட்டான். தனித்தொகுதிகள் என்று இன்று நாம் வாக்களிக்கும் ஏற்பாட்டின் வேர் அங்கே இருக்கிறது.

இங்கே என் முதல் குறை. அந்தச் சந்திப்பு நடந்த அதே 1931 ஆகஸ்ட் மாதம் 6, 7, 8 தேதிகளில் அகில இந்தியக் காங்கிரஸ் குழு இதே பம்பாயில் கூடி, அந்த ஆண்டு நடந்த காங்கிரசின் கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைகள் தீர்மானத்தைத் திருத்தி முழுமையாக்கியது. பேச்சுரிமை, சங்கம் சேரும் உரிமை, எல்லா மதங்கள் மீதும் அரசின் நடுநிலை, பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் பள்ளிகளிலும் சம உரிமை என்று நாம் இன்று அரசமைப்பின் மூன்றாம் பகுதியில் அடிப்படை உரிமைகளாகப் படிப்பவற்றில் பெரும்பாலானவை அதில் உண்டு. வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்பதும் உண்டு. மரண தண்டனை கூடாது என்ற வரியும் அதில் இருந்தது; அது மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. சட்டமறுப்பு இயக்கம் காந்தி–இர்வின் உடன்பாட்டால் சற்று ஓய்ந்திருந்த அந்த இடைவெளியில், ஒரே ஊரில், ஒன்பதே நாட்களுக்குள் அந்தத் தீர்மானமும் இந்தச் சந்திப்பும் நிகழ்ந்திருக்கின்றன. மணி பவன் அறையில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் விடுவது, கல்யாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையைப் பார்க்காமல் திரும்புவது போன்றது. மாடிப்படியில் இறங்கும்போது பையனிடம் சொன்னேன். “எழுதிக்கிறேன் டீச்சர்” என்று குறிப்பேட்டை எடுத்தான்.

சௌபாத்திக் கடற்கரையில் வெயில் ஏறிவிட்டது. அங்கே இருபது நிமிடமே நின்றோம். ஆனால் அந்த இருபது நிமிடம் கனமானது. 1919 ஏப்ரல் 6 அன்று ரௌலட் சட்டத்துக்கு எதிராக மக்கள் காலையில் இந்தக் கடலில் நீராடி நோன்பு இருந்தார்கள். நாடு முழுவதும் ஒரே நாளில் கடையடைப்பு என்ற யோசனை காந்திக்குத் தோன்றியது சென்னையில், ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது. விசாரணையின்றி ஒருவரை இரண்டாண்டு வரை அடைத்துவைக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது; அதைத்தான் ‘வக்கீல் இல்லை, வாதம் இல்லை, மேல்முறையீடு இல்லை’ என்று மக்கள் ஏசினார்கள். இதுவரை எல்லாரும் சொல்லக்கூடியது. வழிகாட்டிப் பெண் அடுத்துச் சொன்னது எல்லாரும் சொல்வதில்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர்களே பின்னாளில் எழுதிய அரசமைப்பின் 22-ஆம் உறுப்பில் தடுப்புக் காவலுக்கு இடம் வைத்தார்கள். குடியரசு பிறந்த ஓராண்டுக்குள், சென்னை மாகாணத்தில் அடைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் வழக்கை உச்ச நீதிமன்றம் கேட்க வேண்டிவந்தது. தடுப்புக் காவல் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றே 1950-இல் தீர்ப்பாயிற்று. பம்பாயில் அச்சான ஒரு வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டதும், அதன் ஆசிரியர் ரமேஷ் தாப்பரின் வழக்கில் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டு வழக்குகளிலும் எதிர்த்தரப்பு சென்னை அரசு என்பதைக் கேட்டு எங்களில் சிலர் நெளிந்தோம்.

பிறகு வேனில் வடாலா. சிற்றுண்டி வண்டியிலேயே கொடுத்தார்கள். இட்லி ஆறிப் போயிருந்தது, சட்னி ஊசவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். வடாலாவைப் பற்றி நான் நிறைய எதிர்பார்த்திருந்தேன். உப்புச் சத்தியாகிரகம் நடந்த தண்டியும் தராசனாவும் குஜராத்தில். நம் வேதாரண்யம் தஞ்சைக் கரையில். ஆனால் 1930 ஜூன் 1 அன்று ஏறத்தாழ 15,000 பேர் போலீஸ் வளையத்தைத் திரும்பத் திரும்ப உடைத்து, குதிரைப்படையின் அடிகளுக்கு நடுவே உப்பை அள்ளிச் சென்றது மாதுங்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த வடாலா உப்பளத்தில். அந்த இடம் எது என்று இவர்களால் துல்லியமாகக் காட்ட முடியவில்லை. லாரிகளையும் அடுக்குமாடிகளையும் கைகாட்டி, “இந்தப் பக்கம்தான் எங்கேயோ” என்றார்கள். வண்டியை விட்டு இறங்கவும் இல்லை. இடம் தெரியாவிட்டால் தேடிக் கண்டுபிடித்திருக்கலாம். இல்லையென்றால் இந்த நிறுத்தத்தையே எடுத்துவிட்டு அந்த நாற்பது நிமிடத்தை மணி பவனுக்குக் கொடுத்திருக்கலாம்.

வேதாரண்யத்தைப் பற்றி வண்டியிலேயே சொன்னார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து புறப்பட்டதும், தொண்டர்களுக்குச் சோறு போடுவோருக்குச் சிறை என்று தஞ்சைக் கலெக்டர் தோர்ன் அறிவித்ததும், மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டதும் சயான் பாட்டி ஒருவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவரே எடுத்துச் சொல்ல, வழிகாட்டிகள் ஒதுங்கி நின்று கேட்டார்கள். நல்ல பண்பு.

ஆனால் அடுத்த நிமிடமே பையன் ஒரு தாவு தாவினான். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது என்று சொல்லும் 265-ஆம் உறுப்பு உப்புச் சத்தியாகிரகத்தின் நேரடிப் பிள்ளை என்றான். கேட்க இனிமையாக இருக்கிறது; நிற்காது. உப்பு வரியும் சட்டப்படி விதிக்கப்பட்ட வரியே. 1882-ஆம் ஆண்டின் உப்புச் சட்டம் என்ற ஒன்று இருந்ததனால்தான் அதை மீற முடிந்தது. தொண்டர்களின் கேள்வி ‘சட்டம் இருக்கிறதா’ என்பதல்ல, ‘அதை இயற்றியவர்களை நாங்கள் தேர்ந்தெடுத்தோமா’ என்பது. அதற்கான விடை வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை தரும் 326-ஆம் உறுப்பில் இருக்கிறது. வரி செலுத்துபவருக்கும் படித்தவருக்கும் மட்டுமே இருந்த வாக்கு, ஒரு கைப்பிடி உப்பைத் தவிர வேறு எதையும் வாங்க வக்கில்லாதவருக்கும் வந்து சேர்ந்தது. இந்த வழி சற்றுச் சுற்றுவழி; ஆனாலும் இதுதான் வழி. எல்லா உறுப்புக்கும் ஒரு போராட்டத்தை முடிச்சுப்போடும் ஆசையை இவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். நம் அரசமைப்பின் நிர்வாகப் பகுதிகளில் கணிசமானவை 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து எடுத்தவை என்பதை அம்பேத்கரே 1948 நவம்பரில் அவையில் ஒப்புக்கொண்டு, அதற்காக வெட்கப்படத் தேவையில்லை என்றும் சொன்னார்.

கடைசி நிறுத்தம் இந்து காலனியில் ராஜகிருகம். அம்பேத்கர் தம் புத்தகங்களுக்காகவே கட்டியதாகச் சொல்லப்படும் வீடு. எதிரே மரநிழலில் எங்களை உட்காரவைத்து, வழிகாட்டிப் பெண் முக்கால் மணி நேரம் மகாட் குளப் போராட்டத்தைப் பற்றிப் பேசினார். அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே 850 ரூபாயைக் கொடுக்கலாம்.

1923-இல் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் முடிவு செய்திருந்தது. காகிதத்தில் இருந்த உரிமை அது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் மகாட் ஊரின் சவுதார் குளத்துக்கு நடந்து சென்று தண்ணீரை அள்ளிக் குடித்தார். அவர்கள் சட்டத்தை மீறவில்லை. இருந்த சட்டத்தைச் செயல்படுத்தினார்கள். அதற்கே அடி விழுந்தது, குளத்தைச் சாணமும் கோமியமும் கொட்டித் ‘தீட்டுக் கழித்தார்கள்’. டிசம்பரில் மீண்டும் கூடியபோது உரிமையியல் நீதிமன்றத்தின் தடையாணை குறுக்கே வந்தது. கூடியிருந்தவர்கள் குளத்தில் இறங்கத் துடித்தார்கள். அம்பேத்கர் தடையாணைக்குக் கட்டுப்பட்டு அவர்களைத் திருப்பி அழைத்துச் சென்றார். பிறகு வழக்கை நடத்தினார். 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்று வென்றார். கிணறு, குளம், படித்துறை, சாலை என்று 15-ஆம் உறுப்பின் இரண்டாம் பிரிவு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குவதை அந்தப் பெண் தமிழ்ப் பதிப்பிலிருந்து வாசித்தபோது, அந்தச் சொற்கள் நூலகத்திலிருந்து வரவில்லை என்பது எல்லாருக்கும் விளங்கியது. நான் இந்த உறுப்பை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ‘குளம்’ என்ற சொல்லின் கீழ் ஒருமுறைகூடக் கோடு போட்டதில்லை.

அதை முடித்த கையோடு 1949 நவம்பர் 25-ஆம் நாள் உரைக்கு வந்தார்கள். அரசமைப்பு வழிகள் திறந்த பிறகு சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் ஆகியவற்றைக் கைவிட வேண்டும், அவை அராஜகத்தின் இலக்கணம் என்று அதே அம்பேத்கர் சொன்னார். தாராவிப் பையன் ஒருவன் எழுந்து, “அப்ப நாங்க மோர்ச்சா, ஊர்வலம்னு போறது தப்பாக்கா?” என்று கேட்டான். 19-ஆம் உறுப்பு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத் தருகிறது என்று அந்தப் பெண் பதில் சொன்னார். பதில் சரி, ஆனால் பாதி. அமைதியாகக் கூடுவது வேறு, சட்டத்தைத் தெரிந்தே மீறிச் சிறைக்குத் தயாராவது வேறு. அம்பேத்கர் கைவிடச் சொன்னது இரண்டாவதை. 1927 டிசம்பரில் தடையாணைக்குக் கட்டுப்பட்டவர்தான் 1949-இல் அப்படிப் பேசினார் என்று, சற்று முன் தாங்களே சொன்ன கதையோடு சேர்த்திருந்தால் பையனுக்கு முழு விடை கிடைத்திருக்கும். அம்பேத்கரின் அந்த அறிவுரையை நான் அப்படியே ஏற்பவள் அல்ல. வழக்கு முடியப் பத்து ஆண்டு காத்திருக்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. அது என் கருத்து, நடையின் குறையல்ல.

இந்த நடை கவனிக்காமல் கடந்த திருப்பம் நெருக்கடி நிலை. 1975-இல் ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற இரண்டு சொற்களைச் சாக்காக வைத்துத்தான் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1978-இல் 44-ஆவது திருத்தம் 352-ஆம் உறுப்பிலிருந்து அந்தச் சொற்களை நீக்கி, ‘ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி’ என்று மாற்றியது. ஆயுதமின்றிக் கூடுவது உரிமை என்கிறது ஓர் உறுப்பு. ஆயுதம் இல்லாத கிளர்ச்சியைக் காட்டி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது என்றாகிறது மற்றோர் உறுப்பு. அறவழிப் போராட்டத்துக்கு அரசமைப்பு கட்டிக் கொடுத்த இடம் இந்த இரண்டு உறுப்புகளுக்கும் நடுவில் இருக்கிறது. 1950-உடன் கதையை முடித்துவிட்டதால் இவர்கள் அதைக் காட்டத் தவறிவிட்டார்கள்.

கையேடு 24 பக்கம், தாள் நன்று, எழுத்து என் வயதுக்குச் சற்றுப் பொடி. அதில் ஒரு பிழை: 1949 நவம்பர் 26 அன்று 284 உறுப்பினர்கள் கையெழுத்திட்டதாக அச்சிட்டிருக்கிறார்கள். அன்று நடந்தது அரசமைப்பை ஏற்றுக்கொண்டது. 284 பேர் ஒப்பமிட்டது 1950 ஜனவரி 24 அன்று. வரைவுக் குழுப் பட்டியலில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் கோபாலசாமி ஐயங்காரும் இருக்கிறார்கள், டி. பி. கெய்தான் இறந்தபின் வந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி விடுபட்டிருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மணி பவனில் மாடி ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே நூலகத்தில் உட்காரவைக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இது நீளம். மழைக்காலத்தில் நடத்துவதில்லை. கையேட்டுப் பிழைகளை அன்றிரவே எழுதி அனுப்பினேன். திருத்தச் சீட்டு அச்சடித்து ஒட்டுவதாகவும், அடுத்த முறை வடாலாவில் வண்டியை நிறுத்த ஓர் இடம் பார்த்துவைப்பதாகவும் பதில் வந்திருக்கிறது.